நொதி தன் தளப்பொருளை எப்படி இனம் காண்கிறது? பிடிப்பதும் பிடிக்காமல் விடுவதும்

1894இல் எமில் ஃபிஷர் இரண்டு மீத்தைல் குளுக்கோசைடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அவை கோக்கப்பட்ட வரிசையும் ஒன்றே. ஒரே ஒரு கார்பனில் மட்டும் வேறுபாடு. அங்கே தொங்கும் தொகுதி ஆல்ஃபா வடிவத்தில் ஒரு பக்கம் நோக்கி நிற்கிறது, பீட்டா வடிவத்தில் மறுபக்கம். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு ஆல்ஃபாவை உடைத்தது, பீட்டாவைத் தொடவில்லை. கசப்பு வாதுமையிலிருந்து கிடைக்கும் எமல்சின் பீட்டாவை உடைத்தது, ஆல்ஃபாவைத் தொடவில்லை. உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதி என்பது புரதம் என்றுகூட அப்போது யாருக்கும் தெரியாது. ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமாக்கிக் காட்டியதே 1926இல்தான். ஆனாலும் ஃபிஷர் துணிந்து சொன்னார்: பூட்டும் சாவியும்போல நொதியும், அது மாற்றும் மூலக்கூறான தளப்பொருளும் வடிவத்தில் பொருந்தினால்தான் வேலை நடக்கும்.

பள்ளிப் பாடநூல்களில் இன்றும் இந்தப் பூட்டும் சாவியும் இருக்கின்றன. வடிவப் பொருத்தம் முக்கியம் என்கிற அளவில் அது சரிதான். ஆனால் இரண்டு கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. குளுக்கோஸுக்கு இடம் கொடுக்கும் குழியில் அதைவிடச் சிறிய நீர் மூலக்கூறு தாராளமாக நுழையுமே, அது ஏன் வினைபுரிவதில்லை? பொருத்தம்தான் எல்லாம் என்றால், தளப்பொருளை மிக இறுக்கமாகப் பிடிக்கும் நொதிதானே சிறந்த நொதியாக இருக்க வேண்டும்? உண்மையில் மிக இறுக்கமாகப் பிடிக்கப்படுபவை பெரும்பாலும் நொதியின் வேலையை நிறுத்தும் தடுப்பான்கள்தான்.

இனங்காணல் ஒரே கணத்தில் முடிந்துவிடுவதில்லை என்பதே இதற்கு விடை. தளப்பொருள் நெருங்கும்போது கொஞ்சம், நீர்ப்போர்வையை உதறும்போது கொஞ்சம், நொதி மூடிக்கொள்ளும்போது கொஞ்சம், வேதிப்பிணைப்பு அறும் நொடியில் மிகுதியும், சில நொதிகளில் வினை முடிந்த பிறகும்கூட அது நடக்கிறது.

குழிக்குள் என்ன இருக்கிறது

சில நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நொதியில் தளப்பொருளை நேரடியாகத் தொடுபவை பத்திருபதுக்குமேல் இருப்பது அரிது. சங்கிலியில் இவை அடுத்தடுத்து இருப்பதும் இல்லை. வெகுதூரம் தள்ளியுள்ள துண்டுகள் மடிப்பினால் ஓரிடத்தில் கூடி கிளர்வு மையம் என்னும் குழியை அமைக்கின்றன. மீதிப் புரதம் எதற்கு என்று கேட்டால், இந்தச் சிலரை ஆங்ஸ்ட்ராமின் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) பின்ன அளவுக்குத் துல்லியமாக உரிய இடத்தில் நிறுத்தி வைக்கத்தான். அதன் கனம் பின்னால் வரும் டிரிப்சின் கதையில் தெரியும்.

பிடிக்கும் விசைகள் எல்லாமே தனித்தனியே மெலிந்தவை. ஹைட்ரஜன் பிணைப்பு, எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, நீர்வெறுக்கும் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுதல், அணுக்கள் நெருங்கி அடையும்போது எழும் வான்டர்வால்ஸ் ஈர்ப்பு. இவற்றின் அளவைப் புரிந்துகொள்ள ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 25 டிகிரி செல்சியஸில், பிணைப்பு 10 மடங்கு இறுக மோலுக்கு 5.7 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 100 மடங்குக்கு 11.4. வேதிப்பிணைப்பு ஒன்றை உடைக்க நூற்றுக்கணக்கான கிலோஜூல் தேவைப்படும் உலகில் இது சில்லறைத் தொகைதான். ஆனால் தேர்வு முழுவதும் இந்தச் சில்லறையில்தான் நடக்கிறது.

ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு எவ்வளவு தருகிறது என்பதை அளந்தவர் ஆலன் ஃபெர்ஷ்ட். 1980களில் அவரது குழு, டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை டிஆர்என்ஏவோடு இணைக்கும் டைரோசைல் டிஆர்என்ஏ சின்தடேஸ் என்னும் நொதியின் பக்கச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தது. மின்சுமையற்ற இரு தொகுதிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பை நீக்கினால் இழப்பு மோலுக்கு 2 முதல் 6 கிலோஜூல். இணையில் ஒன்று மின்சுமையுள்ளதாக இருந்து, அதன் துணை நீக்கப்பட்டால் இழப்பு 15ஐத் தாண்டுகிறது. முதல் எண் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் நீர். கரைசலில் மிதக்கும் தளப்பொருள் ஏற்கெனவே நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது, நொதியின் குழியும் அப்படியே. உள்ளே நுழையும்போது பழைய பிணைப்புகளை அறுத்துப் புதியவற்றை அமைக்க வேண்டும். கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

அந்த வித்தியாசம்தான் தேர்வுக்கு உதவுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சரியான தளப்பொருளுக்கு நீரோடு இழந்த ஒவ்வொரு பிணைப்புக்கும் குழிக்குள் ஈடு கிடைக்கிறது. தவறான மூலக்கூறு நீரைத் துறந்துவிட்டு, உள்ளே ஒரு மின்சுமையுள்ள தொகுதிக்கு இணையில்லாமல் நிற்க நேர்ந்தால், அதற்கான தண்டம் மிகக் கடுமையானது. நொதிகள் பல வேளைகளில் சரியானதை ஈர்த்துத் தேர்வதைவிடத் தவறானதைத் தண்டித்தே தேர்கின்றன.

டிரிப்சின் கற்றுத் தந்தது

கணையம் சுரக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ் மூன்றும் உறவுக்காரப் புரதங்கள். மூன்றின் மடிப்பும் ஒன்றே. பெப்டைடு பிணைப்பை வெட்டும் மூவர் கூட்டணியும் ஒன்றே: செரின் 195, ஹிஸ்டிடின் 57, ஆஸ்பார்டேட் 102. ஆனால் வெட்டும் இடம் வேறு. டிரிப்சின், ஆர்ஜினின் அல்லது லைசினுக்கு அடுத்து வெட்டும். கைமோடிரிப்சின், பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபேன் போன்ற பருத்த வளையங்களுக்கு அடுத்து வெட்டும். எலாஸ்டேஸ், அலனின் போன்ற சிறியவற்றுக்கு அடுத்து.

இந்த வேறுபாட்டை எஸ்1 என்று பெயரிடப்பட்ட ஒரு குழி தீர்மானிக்கிறது. ஷெக்டரும் பெர்கரும் 1967இல் வகுத்த பெயரிடல் இது. வெட்டப்படும் பிணைப்புக்கு உடனடியாக முன்னுள்ள அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி இறங்கும் இடம் எஸ்1. டிரிப்சினில் இந்தக் குழியின் அடியில், 189ஆம் இடத்தில், எதிர்மின்சுமை கொண்ட ஆஸ்பார்டேட் இருக்கிறது. நேர்மின்சுமை கொண்ட ஆர்ஜினின் அதைத் தொட்டு நேரடியாக இணைகிறது. லைசினின் பக்கச் சங்கிலி சற்றுக் குட்டை, எட்டாது. இடையில் ஒரு நீர் மூலக்கூறு பாலமாக நிற்கிறது. ஆக, நீர் முழுவதும் வெளியேற்றப்பட வேண்டும் என்ற விதி இல்லை, உரிய இடத்தில் நிற்கும் ஒரு நீர் மூலக்கூறு குழியின் பகுதியாகவே ஆகிவிடலாம். கைமோடிரிப்சினில் அதே 189ஆம் இடத்தில் மின்சுமையற்ற செரின். குழி ஆழமாகவும் நீர்வெறுக்கும் சுவர்களோடும் இருப்பதால் தட்டையான வளையம் உள்ளே செருகிக்கொள்கிறது. எலாஸ்டேஸில் 216, 226 ஆகிய இடங்களில் கிளைசினுக்குப் பதில் வேலினும் திரியோனினும் இருந்து குழியை அடைத்துவிடுகின்றன. சிறியவற்றுக்கு மட்டுமே இடம் மிஞ்சுகிறது.

இதைப் படிக்கும் யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: டிரிப்சினின் ஆஸ்பார்டேட் 189ஐ செரினாக மாற்றிவிட்டால் அது கைமோடிரிப்சின் ஆகிவிடும் அல்லவா? செய்து பார்த்தார்கள். ஆகவில்லை. ஆர்ஜினினை வெட்டும் திறன் போயிற்று, பினைல்அலனினை வெட்டும் திறன் வரவில்லை, எதையும் ஒழுங்காக வெட்டாத ஒரு நொதி கிடைத்தது. 1992இல் ஹெட்ஸ்ட்ராமும் ரட்டரும் உடனிருந்தோரும் காட்டிய முடிவு பலரையும் திகைக்க வைத்தது. குழிக்கு வெளியே, தளப்பொருளைத் தொடவே தொடாத இரண்டு மேற்பரப்பு வளைவுகளையும் கைமோடிரிப்சினுடையவற்றைப்போல் மாற்றிய பிறகுதான் வினைவேகம் உயர்ந்தது. அப்போதும் பிடிப்பு பலவீனமாகவே இருந்தது. பின்னர் 172ஆம் இடத்தில் டைரோசினை டிரிப்டோபேனாக மாற்றியபோது நிலைமை இன்னும் மேம்பட்டது.

தொடாத ஒன்று எப்படித் தேர்வைப் பாதிக்கும்? குழியின் சுவர்களை விறைப்பாக நிறுத்துவது அந்த வளைவுகள்தான். சுவர் தளர்ந்தால் தளப்பொருள் உள்ளே வந்துவிடும், ஆனால் வெட்டப்பட வேண்டிய பிணைப்பு செரின் 195க்கு எதிரே சரியான கோணத்தில் அமையாது. புரதப் பொறியியலில் புதிதாக இறங்குபவர்கள் படிக அமைப்பைத் திரையில் வைத்து, தளப்பொருளிலிருந்து 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள அமினோ அமிலங்களை மட்டும் மாற்றப் பட்டியலிடுவார்கள். அந்தப் பட்டியல் தேவையானது, ஆனால் போதாதது.

சமச்சீரான ஒரு மூலக்கூறின் இரு கைகளையும் நொதியால் பிரித்தறிய முடிவதும் இதே துல்லியத்தின் விளைவு. சிட்ரிக் அமிலத்தின் இரு முனைகளும் வேதியியல்படி ஒன்றே. ஆனால் அகோனிடேஸ் எப்போதும் ஒரு குறிப்பிட்ட முனையில்தான் வேலை செய்கிறது. 1948இல் ஆக்ஸ்டன் விளக்கினார்: குறைந்தது மூன்று புள்ளிகளில் பிடித்தால், முப்பரிமாணத்தில் அந்த மூலக்கூறு ஒரே ஒரு நோக்கில்தான் அமர முடியும்.

நெருங்குவதும் ஒரு தேர்வுதான்

மூலக்கூறுகள் கரைசலில் விரவி மோதிக்கொள்ளும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நொதியும் சிறு மூலக்கூறும் சந்திப்பதற்கு அது மோலாருக்கு நொடிக்கு ஏறத்தாழ 10⁸ முதல் 10⁹ வரை. தளப்பொருள் 1 மில்லிமோலார் செறிவில் இருந்தால், ஒரு கிளர்வு மையத்தை நொடிக்கு லட்சம் முதல் பத்து லட்சம் முறை சந்திக்கிறது என்று பொருள். டிரையோஸ் ஃபாஸ்பேட் ஐசோமரேஸ், ஃபியூமரேஸ், அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் போன்றவை இந்த வரம்பையே தொடுகின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு சந்திப்பும் விளைபொருளில் முடிகிறது.

அசெட்டைல்கோலினெஸ்டரேஸின் அமைப்பு 1991இல் வெளிவந்தபோது ஒரு புதிர் எழுந்தது. கிளர்வு மையம் மேற்பரப்பில் இல்லை, 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமுள்ள குறுகலான பள்ளத்தின் அடியில் இருந்தது. இவ்வளவு வேகமான நொதிக்கு இப்படியொரு அமைப்பா? பள்ளத்தின் சுவரில் 14 வளைய அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. வளையங்களின் முகத்தில் திரண்டுள்ள எலக்ட்ரான் மேகம் அசெட்டைல்கோலினின் நேர்மின்சுமையை மெல்லப் பிடித்து, எங்கும் சிக்கவிடாமல் உள்ளே அனுப்புகிறது. அடியில் டிரிப்டோபேன் 84 அதைத் தாங்கிக்கொள்கிறது. கோலினின் நேர்மின்சுமையைப் பிடிப்பது எதிர்மின்சுமையுள்ள ஒரு தொகுதியாகத்தான் இருக்கும் என்று அதுவரை கருதியிருந்தார்கள்.

மின்புலத்தின் உதவியால் நெருங்குதல் நடக்கிறதா என்று சோதிப்பது எளிது. கரைசலில் உப்பின் செறிவை உயர்த்த வேண்டும். உப்பு அயனிகள் மின்புலத்தை மறைப்பதால், மின்சுமையுள்ள தளப்பொருளின் வேகம் குறையும், மின்சுமையற்றதன் வேகம் பெரிதாக மாறாது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸில் இந்த விளைவு தெளிவாகத் தெரியும். ஒப்பீட்டுக்கு மின்சுமையற்ற ஒரு தளப்பொருள் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்தால் முடிவுக்குப் பொருளில்லை. உப்பு நொதியின் மடிப்பையே தளர்த்தியிருக்கலாம்.

மூடிக்கொள்ளும் நொதி

இப்போது நீர்க் கேள்விக்கு வரலாம். ஹெக்சோகைனேஸ், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியிலிருந்து ஒரு ஃபாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸின் ஆறாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலுக்கு மாற்றுகிறது. நீரிலும் அதே ஹைட்ராக்சில் இருக்கிறது, அதன் செறிவோ 55 மோலார். வடிவம் மட்டுமே காவல் என்றால், செல்லின் ஏடிபி முழுவதும் வீணே நீராற்பகுக்கப்பட்டுவிடும். ஆனால் குளுக்கோஸ் இருக்கும்போது நடக்கும் வேகம், நீரோடு நடப்பதைவிட ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு அதிகம்.

டேனியல் காஷ்லேண்ட் 1958இல் முன்வைத்த தூண்டப்பட்ட பொருத்தம் என்னும் கருத்து இதை விளக்கியது. நொதியின் வினைத்தொகுதிகள் முன்கூட்டியே சரியான இடத்தில் இல்லை, சரியான தளப்பொருள் வந்த பிறகே அவை ஒழுங்குக்கு வருகின்றன. இருபது ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் ஸ்டைட்ஸின் ஆய்வகம் ஹெக்சோகைனேஸின் படிகங்களில் இதைக் கண்ணால் காணச் செய்தது. குளுக்கோஸ் அமர்ந்ததும் நொதியின் இரு மடல்களில் ஒன்று 12 டிகிரி சுழன்று, சில பகுதிகள் 8 ஆங்ஸ்ட்ராம் வரை நகர்ந்து, பிளவு மூடிக்கொள்கிறது. நீர் குழியில் இருக்கலாம், ஆனால் மடலை மூட வைக்கும் பிடிமானங்கள் அதனிடம் இல்லை. சைலோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரையைப் போட்டால் ஏமாற்று நடக்கிறது. அது மடலை மூட வைத்துவிடுகிறது, ஆனால் ஆறாம் கார்பன் அதற்கு இல்லை. காலியான இடத்தில் நீர் நிற்க, ஏடிபி நீராற்பகுக்கப்படுவது கூடுகிறது. பிடித்தல் வேறு, வினை வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சோதனை குறைவு.

இதில் அடிக்கடி கவனிக்கப்படாத நுணுக்கம் ஒன்று உண்டு. நொதி மூடிக்கொள்ள ஆற்றல் செலவாகிறது. அந்தச் செலவு தளப்பொருளின் பிடிப்பு ஆற்றலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே, தூண்டப்பட்ட பொருத்தம் கொண்ட நொதி தன் தளப்பொருளை, விறைப்பாக முன்கூட்டியே அமைந்த ஒரு நொதி பிடிப்பதைவிடச் சற்றுத் தளர்வாகவே பிடிக்கும். வினைபுரியக்கூடிய, அளவில் ஒத்த இரு தளப்பொருள்களுக்கு இடையே இது தேர்வைக் கூட்டாது, நீரைப்போல மடலை மூட வைக்க இயலாதவற்றை விலக்கவே பயன்படும்.

தளப்பொருள் வந்து நொதியை மாற்றுகிறதா, அல்லது நொதி தானாகவே திறந்தும் மூடியும் அலையும்போது மூடிய வடிவத்தைத் தளப்பொருள் வந்து பற்றிக்கொள்கிறதா என்பது நெடுநாள் விவாதம். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் போன்றவற்றில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் இரண்டாவது வகைக்குச் சான்று தந்தன. வேகக்கலப்பு முறையில் (இரண்டையும் நொடியின் சிறு பின்னத்தில் கலந்து மாற்றத்தைப் பின்தொடர்வது) அளக்கும்போது ஒரு துப்பு கிடைக்கும்: தளப்பொருளின் செறிவைக் கூட்டக் கூட்ட, சமநிலையை எட்டும் வேகம் குறைந்தால் அது நிச்சயம் இரண்டாவது வகை. கூடினால் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டு வழிகளிலும் வேகம் கூட முடியும். கூடுவதைப் பார்த்தவுடன் தூண்டப்பட்ட பொருத்தம் என்று எழுதிவிடுவது இத்துறையில் பரவலான தவறு. பெரும்பாலான நொதிகளில் இரண்டும் கலந்தே இருக்கும் என்றே கருத வேண்டியிருக்கிறது.

எதை இறுகப் பிடிக்க வேண்டும்

வினை நடக்கும்போது ஒரு கணம் உண்டு. பழைய பிணைப்பு பாதி அறுந்தும் புதியது பாதி உருவாகியும், ஆற்றலின் உச்சியில் மூலக்கூறு நிற்கும் கணம். நிலைமாற்ற நிலை என்பது இதுதான். ஜே. பி. எஸ். ஹால்டேன் 1930இல் தொட்டுக்காட்டி, லைனஸ் பாலிங் 1940களில் தெளிவாகச் சொன்ன கருத்து இது: நொதியின் குழி பொருந்த வேண்டியது தளப்பொருளுக்கு அல்ல, இந்த நிலைமாற்ற நிலைக்கு. தளப்பொருளையே மிக இறுகப் பிடித்தால் அது ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் ஆகிவிடும், அங்கிருந்து உச்சிக்கு ஏற வேண்டிய தொலைவு கூடும். உச்சியைத் தாழ்த்தினால்தான் வேகம் வரும்.

கைமோடிரிப்சினில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். செரின் தாக்கியதும் தட்டையாக இருந்த கார்பனைல் கார்பன் நான்முகி வடிவம் கொள்கிறது, அதன் ஆக்சிஜன் எதிர்மின்சுமை பெறுகிறது. அந்த ஆக்சிஜனை கிளைசின் 193, செரின் 195 ஆகியவற்றின் முதன்மைச் சங்கிலியிலுள்ள இரண்டு நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் ஏந்திக்கொள்கின்றன. தளப்பொருள் தட்டையாக இருக்கும்வரை இந்த ஏந்தல் முழுமையாக அமைவதில்லை.

எண்களில் இதன் உச்சம் ஓரோட்டிடின் ஃபாஸ்பேட் டிகார்பாக்சிலேஸ். அதன் வினை நொதியில்லாமல் நடுநிலைக் கரைசலில் பாதி முடிய 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று வோல்ஃபென்டனும் ராட்சிக்காவும் 1995இல் கணித்தார்கள். நொதியோடு நொடிக்குச் சில பத்து முறை நடக்கிறது, ஏறத்தாழ 10¹⁷ மடங்கு வேகம். தளப்பொருளை அது பிடிப்பது மைக்ரோமோலார் அளவில்தான். நிலைமாற்ற நிலையை ஒத்த ஒரு சேர்மத்தையோ 9 பிக்கோமோலார் அளவில் பிடிக்கிறது, அதாவது ஏறத்தாழ லட்சம் மடங்கு இறுக்கமாக. மருந்து வடிவமைப்பவர்கள் நிலைமாற்ற நிலையைப் போலி செய்யும் மூலக்கூறுகளைத் தேடுவது இதனால்தான். இன்ஃபுளுவென்சாவுக்கு எதிரான சனாமிவிர், நியூராமினிடேஸ் நொதியில் சயாலிக் அமிலம் உடையும்போது கொள்ளும் தட்டையான வளைய வடிவத்தைப் பின்பற்றியது.

தேர்வும் பெருமளவு இங்கேதான் நிகழ்கிறது. பெப்சின், எலாஸ்டேஸ் போன்ற நொதிகளுக்குக் கொடுக்கும் பெப்டைடை நீட்டினால், கூடுதல் துண்டு குழியில் பிடிமானம் பெறுகிறது. ஆனால் பிடிப்பு அதிகம் இறுகாமல் வினைவேகம் பல மடங்கு உயர்கிறது. கிடைத்த ஆற்றலைப் பிடிப்பதில் சேமிக்காமல் உச்சியைத் தாழ்த்துவதில் செலவிட்டிருக்கிறது நொதி. வில்லியம் ஜெங்க்ஸ் 1975இல் விரிவாக வாதிட்டது இதைத்தான்.

பிடிக்க முடியாதபோது திருத்துவது

எல்லாத் தேர்வையும் ஒரே குழியால் செய்துவிட முடியாது. ஐசோலியூசினுக்கும் வேலினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மெத்திலீன் தொகுதி. ஐசோலியூசினுக்கான குழியில் வேலின் எப்போதும் நுழையும், தொலைப்பது அந்த ஒரு தொகுதியின் நீர்வெறுப்பு ஈர்ப்பை மட்டுமே. புரதம் கட்டுவதற்காக ஐசோலியூசினை டிஆர்என்ஏவோடு இணைக்கும் ஐசோலியூசில் டிஆர்என்ஏ சின்தடேஸ் ஏறத்தாழ 200இல் ஒரு முறை வேலினை ஏற்றுக்கொள்கிறது. 5.7 கணக்கில் போட்டால் 13 கிலோஜூல், ஒரு மெத்திலீனிடமிருந்து இதற்குமேல் கறக்க முடியாது. ஆனால் புரதங்களில் காணப்பட்ட பிழை ஏறத்தாழ 3000இல் ஒன்று. மீதியை முடிப்பது அதே நொதியில் 30 ஆங்ஸ்ட்ராமுக்குமேல் தள்ளியுள்ள இன்னொரு குழி. அது சற்றுச் சிறியது. வேலின் அதில் நுழைந்து நீராற்பகுக்கப்பட்டு வெளியேறும், ஐசோலியூசின் பெரிது என்பதால் நுழையாது. முதல் குழி பெரியவற்றைத் தள்ளுகிறது, இரண்டாவது சிறியவற்றை அழிக்கிறது.

டைரோசினுக்கான நொதிக்கு இந்த இரண்டாம் குழி தேவைப்படவில்லை. பினைல்அலனினிடம் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் டைரோசினிடம் இருக்கிறது, அதைப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளே லட்சம் மடங்குக்குமேல் தேர்வைத் தந்துவிடுகின்றன. மூலக்கூறில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொம்பு இருக்கிறதா என்பதே பாதிக் கதை.

கொம்பே இல்லாத மூலக்கூறுகளிடம் நொதி தோற்கிறது. ஒளிச்சேர்க்கையில் கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவுக்குக் கார்பன் டைஆக்சைடும் ஆக்சிஜனும் இரண்டும் சிறியவை, மின்சுமையற்றவை. இவற்றைப் பிடித்து வைக்க அதற்குத் தனிக் குழியே இல்லை. முதலில் பிடிக்கப்பட்ட ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் வினைக்குத் தயாரானதும் அருகில் வரும் வாயுவை நேரடியாகத் தாக்குகிறது. தேர்வு முழுவதும் நிலைமாற்ற நிலையின் வேறுபாட்டில்தான். விளைவு, சாதாரணக் காற்றில் பெரும்பாலான தாவரங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு முறை ஆக்சிஜன் உள்ளே போய்விடுகிறது, வேகமும் நொடிக்குச் சில முறைக்குமேல் இல்லை.

அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

மைக்கேலிஸ் மாறிலியை, அதாவது நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் தளப்பொருள் செறிவை, பிடிப்பின் அளவு என்று படிப்பதே முதல் சறுக்கல். ஓர் உதாரணக் கணக்கு: தளப்பொருள் சேரும் வேக மாறிலி 10⁷, பிரியும் வேகம் நொடிக்கு 10, வினையாக மாறும் வேகம் நொடிக்கு 1000 என்று கொள்வோம். பிடிப்பின் உண்மையான அளவான பிரிகை மாறிலி, 10ஐ 10⁷ஆல் வகுக்க, 1 மைக்ரோமோலார். மைக்கேலிஸ் மாறிலியோ 1010ஐ 10⁷ஆல் வகுக்க, 101 மைக்ரோமோலார். நூறு மடங்கு வேறுபாடு. வினை மெதுவாகவும் பிரிதல் வேகமாகவும் இருந்தால்தான் இரண்டும் ஒன்றாகும். இரு தளப்பொருள்கள் ஒரே நொதிக்குப் போட்டியிடும்போது எது வெல்லும் என்பதை இவ்விரண்டும் சொல்லாது. வினையெண்ணை (நிறைந்த நிலையில் ஒரு நொதி நொடிக்கு நிகழ்த்தும் வினைகளின் எண்ணிக்கை) மைக்கேலிஸ் மாறிலியால் வகுத்துக் கிடைக்கும் எண்தான் சொல்லும். நொதிக்குள் தவறான நோக்கில் அமர்ந்து வினைபுரியாமல் நேரம் கடத்தும் தளப்பொருள், வினையெண்ணையும் மைக்கேலிஸ் மாறிலியையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். தனியாக மைக்கேலிஸ் மாறிலியைப் பார்த்தால் நன்றாகப் பிடிப்பதுபோல் தோன்றும். வகுத்த எண் மாறாது.

அளவீட்டைப் பொறுத்தவரை, எதிர்பார்க்கும் மைக்கேலிஸ் மாறிலியின் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்து மடங்கு வரை செறிவுகளைப் பரப்ப வேண்டும். ஐந்து மடங்கிலும் நொதி 83 சதவீதமே நிறைந்திருக்கும் என்பதால், வரைபடம் தட்டையாகிவிட்டது என்று கண்ணால் முடிவு செய்யக் கூடாது. தளப்பொருளில் 10 சதவீதத்துக்குமேல் தீருமுன் தொடக்க வேகத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேரும் விளைபொருளே தடுப்பானாகும்.

ஏடிபியின் ஃபாஸ்பேட்டை மாற்றும் கைனேஸ்களில் இன்னொரு பொறி உண்டு. உண்மைத் தளப்பொருள் ஏடிபி அல்ல, மக்னீசியத்தோடு இணைந்த ஏடிபி. மக்னீசியத்தை 5 மில்லிமோலாரில் நிறுத்திவிட்டு ஏடிபியை 10 வரை கூட்டினால், மிஞ்சிய வெற்று ஏடிபி குழியை அடைத்து வேகம் சரியும். வரைபடம் தளப்பொருள் மிகுதியால் வந்த தடைபோலவே இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் மக்னீசியம் ஏடிபியைவிட 1 முதல் 2 மில்லிமோலார் கூடுதலாக இருந்தால் இந்தப் போலித் தடை வராது. இடையகக் கரைசலில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ இருந்தால் அது எடுத்துக்கொள்ளும் மக்னீசியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிஎச் மாற்றமும் இரண்டு வேறு வழிகளில் கெடுக்கும். கைமோடிரிப்சினில் பிஎச் 7க்குக் கீழே போனால் ஹிஸ்டிடின் 57 புரோட்டான் ஏற்று வினைவேகம் குறைகிறது. 9ஐ நெருங்கினால் ஐசோலியூசின் 16இன் அமினோ முனை மின்சுமையை இழக்க, ஆஸ்பார்டேட் 194உடன் அது கொண்டிருந்த இணைப்பு அறுந்து, குழியே குலைந்து பிடிப்பு போகிறது. ஒரே ஒரு செறிவில் வேகத்தை அளந்து பிஎச் வளைவு வரைந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து மணிவடிவமாகத்தான் தெரியும்.

பிடிப்பை நேரடியாக அளக்க, பிணையும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தைப் பதியும் சமவெப்பக் கலோரிமானி நல்ல கருவி. பிரிகை மாறிலி 1 மைக்ரோமோலார் என எதிர்பார்த்தால், கலத்தில் நொதி 20 முதல் 50 மைக்ரோமோலார், ஊசியில் அதோடு பிணையும் சேர்மம் அதைப்போல் பத்து மடங்கு. சேர்மம் டைமீத்தைல் சல்ஃபாக்சைடில் கரைக்கப்பட்டிருந்தால், இரு பக்கமும் அதன் அளவு துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். 1 சதவீத வித்தியாசம்கூட நீர்த்தல் வெப்பத்தால் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். தளப்பொருளையே செலுத்தினால் வினை நடந்து வெப்பம் குழம்பும் என்பதால், வினைத்தொகுதி நீக்கப்பட்ட திடீர்மாற்ற நொதியையோ உடையாத ஒப்புச் சேர்மத்தையோ பயன்படுத்துவது வழக்கம். அந்த மாற்றமே பிடிப்பை மாற்றிவிடக்கூடும், மின்சுமையுள்ள அமினோ அமிலத்தை நீக்கியிருந்தால் குறிப்பாக.

தடுப்பான் தேடலில் மிகுந்த பொய்நம்பிக்கை தருவது வேறொன்று. நீர்வெறுக்கும் பல சேர்மங்கள் மைக்ரோமோலார் செறிவில் தாமே திரண்டு, சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் அளவுத் துகள்களாகி, நொதியைத் தம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு செயலிழக்க வைக்கின்றன. குழிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 2000களின் தொடக்கத்தில் பிரையன் ஷாய்செட்டின் குழு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சோதனை எளிது: 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்னும் சோப்புப் பொருளைச் சேர்த்து மீண்டும் அளக்க வேண்டும். தடை மறைந்தால் அது திரள்தான். நொதியின் செறிவைப் பத்து மடங்காக்கும்போது தடை வெகுவாகக் குறைவதும், செறிவு-தடை வளைவு இயல்புக்கு மீறிச் செங்குத்தாக இருப்பதும் மற்ற இரு அடையாளங்கள். டிரைட்டானைத் தாங்காத நொதியாக இருந்தால் வேறொரு மென்மையான சோப்புப் பொருளை முதலில் நொதிமேல் மட்டும் சோதித்து, அது வேகத்தைக் கெடுக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடர வேண்டும்.